'திருச்சி' தேடினால் 'திருத்தணி' வருகிறது: லோடிங் கொடி ஒன்று போதுமா?

கேள்வி: 9 ஜூன் 2025, மாலை 6:12

ரியாக்டில் (இணையத் திரை கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஊர் தேடும் பெட்டி ஒன்று செய்கிறேன் அண்ணா. எழுத எழுத சர்வரிலிருந்து ஊர்ப் பெயர்கள் வந்து கீழே விழ வேண்டும். யூஸ்எஃபெக்டுக்குள் (தேடல் சொல் மாறும்போதெல்லாம் ஓடும் கோட்) சர்வரைக் கேட்கும் ஃபெட்ச், காத்திருக்கிறோமா என்று சொல்லும் கொடியாக இஸ்லோடிங் என்று ஒரு ஸ்டேட், பதில் வந்ததும் அதை அணைத்துவிடுகிறேன். அவ்வளவுதான் கோட். டெஸ்டிங்கில் இருக்கும் அக்கா மட்டும், 'திருச்சி' என்று முழுதாக அடித்த பிறகும் கீழே திருத்தணி, திருப்பூர் எல்லாம் நிற்கிறது என்கிறார். என் லேப்டாப்பில் ஒருமுறைகூட அப்படி வரவில்லை. டிபௌன்ஸ் (அடிப்பது நின்று சற்று நேரம் கழித்தே கோரிக்கை அனுப்புவது) 300 மில்லிசெகண்ட் போட்டால் தீர்ந்துவிடும்தானே? இதற்குப் போய் ஒரு லைப்ரரி தேவையா?

9 ஜூன், இரவு 9:50

தீராது. டிபௌன்ஸ் குறைப்பது கோரிக்கைகளின் எண்ணிக்கையை மட்டும்தான். பதில்கள் வரும் வரிசையை அது தொடுவதே இல்லை.

ஒருவர் 'திரு' என்று அடித்துவிட்டு ஒரு கணம் நிற்கிறார். 300 மில்லிசெகண்ட் கடந்துவிட்டது, கோரிக்கை கிளம்பிவிட்டது. பிறகு 'திருச்சி' என்று முடிக்கிறார், இன்னொன்று கிளம்புகிறது. இரண்டும் வெளியே இருக்கின்றன. எது முதலில் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. சொல்லப்போனால் பழையதுதான் பெரும்பாலும் பிந்தி வரும். 'திரு'வுக்குத் திருவாரூர், திருநெல்வேலி, திருவண்ணாமலை, திருவள்ளூர் என்று ஒரு ஊர்வலமே பொருந்தும். டேட்டாபேஸுக்கு வேலை அதிகம், பதிலும் பெரியது. 'திருச்சி'க்கு ஓரிரு வரிதான், சட்டென்று வந்துவிடும். அது வந்து சரியாகத் தெரிந்த பிறகு, பழையது மூச்சிரைக்க வந்து அதன்மேல் ஏறி உட்காருகிறது. ஆர்டரை மாற்றிச் சொல்லியும் பழைய தோசையைக் கொண்டுவந்து வைக்கும் ஹோட்டல் சர்வர் கதை.

உங்கள் இஸ்லோடிங்குக்கு இது தெரியாது. முதல் பதில் வந்ததுமே அது அணைந்துவிட்டது, இன்னொன்று வழியில் இருந்தாலும்.

சரிசெய்ய மூன்று வரி போதும். எஃபெக்டுக்குள் ஒரு மாறி, தொடக்கத்தில் பொய். கிளீனப் ஃபங்ஷனில் (எஃபெக்ட் அடுத்த முறை ஓடும் முன் ரியாக்ட் அழைப்பது) அதை மெய்யாக்குங்கள். பதில் வந்ததும், அது மெய்யாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுங்கள். ரியாக்டின் சொந்த ஆவணத்திலேயே 'இக்னோர்' என்ற பெயரில் இதே மாறி இருக்கிறது. எஃபெக்ட் ஓடும் ஒவ்வொரு முறையும் அந்த மாறி புதிதாகப் பிறக்கிறது என்பதுதான் சூட்சுமம். ஒவ்வொரு பதிலும் தன்னைக் கிளப்பிவிட்ட கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறது.

லைப்ரரி பற்றிப் பிறகு.

10 ஜூன், காலை 7:30

"என் லேப்டாப்பில் வரவில்லை" என்றதற்கு: வராது. சர்வரும் பிரவுசரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்போது எல்லாம் சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். குரோம் டெவ்டூல்ஸில் நெட்வொர்க்கை மெதுவாக்கிப் பார்த்தேன் என்று கீழே ஒருவர் சொல்லியிருக்கிறார். அதுவும் பெரிதாக உதவாது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி மெதுவாக்கினால் வரிசை மாறுவதில்லையே.

போலி சர்வரில் தாமதத்தைத் தேடல் சொல்லின் நீளத்துக்கு எதிராக வையுங்கள். சொல் சிறிதானால் தாமதம் அதிகம். இரண்டு எழுத்துக்கு 2 விநாடி, நான்கு எழுத்துக்கு 200 மில்லிசெகண்ட். அக்கா சொன்ன பிழை ஒவ்வொரு முறையும் வந்து நிற்கும். தானியங்கி டெஸ்டிலும் இதுதான் வழி: இரண்டு ப்ராமிஸை (இனி வரப்போகும் பதிலுக்கான சீட்டு) நீங்களே கையில் பிடித்துக்கொண்டு, இரண்டாவதை முதலில் தீர்த்துவிட்டு, முதலாவதைப் பிறகு தீருங்கள். திரையில் இரண்டாவதன் பதில்தான் நிற்க வேண்டும்.

10 ஜூன், இரவு 11:05

அந்த 'இக்னோர்' கொடிக்குப் பதில், கோரிக்கையை ரத்து செய்யும் அபார்ட்கன்ட்ரோலர் போதாதா என்ற கேள்விக்கு.

கொடி பதிலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுகிறது. பைட்டுகள் வந்துகொண்டேதான் இருக்கும், பயனரின் டேட்டாவும் போகும். அபார்ட் கோரிக்கையையே அறுக்கிறது. எச்டிடிபி 1.1-இல் பிரவுசர்கள் ஒரு ஹோஸ்டுக்கு ஒரே நேரத்தில் ஆறு இணைப்புக்கு மேல் திறப்பதில்லை. வேகமாக அடிக்கும் ஒருவர் ஆறு பழைய கோரிக்கைகளால் அந்த இடத்தை அடைத்துவிட்டால், அவருக்கு உண்மையில் வேண்டிய ஏழாவது வரிசையில் நிற்கும். அங்கே கொடி மட்டும் இருந்தால் திரை சரியாக இருக்கும், ஆனால் ஆமை வேகம்.

ஃபெட்ச் 2015-இல் குரோமுக்கு வந்தபோது நிறுத்தும் வழி இல்லாமலே வந்தது. பழைய எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்டில் அபார்ட் இருந்தது, புதியதில் இல்லை! 2017, 2018 வாக்கில்தான் பிரவுசர்களில் அபார்ட்கன்ட்ரோலர் வந்தது. அந்த இடைவெளியில் எழுதப்பட்ட கோட்தான் இன்றும் பல இடத்தில் நகலெடுக்கப்படுகிறது.

இரண்டு எச்சரிக்கை. அறுத்தால் ஃபெட்ச் 'அபார்ட்எர்ரர்' என்று ஒன்றை எறியும். அதைக் கேட்சில் பிடித்து "ஏதோ தவறு நடந்தது" என்று சிவப்பில் காட்டுகிறவர்கள் உண்டு. பயனர் அடுத்த எழுத்தை அடித்தார், அவ்வளவுதான் நடந்தது, அதற்கு ஏன் சிவப்பு? இன்னொன்று, நீங்கள் அறுத்ததாலேயே சர்வரில் ஓடும் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் தேடல்) நின்றுவிடாது. சர்வர் பக்கம் கவனித்து நிறுத்தினால்தான் உண்டு. தேடலுக்கு இது பரவாயில்லை. பணம் கட்டும் பொத்தானுக்குப் பரவாயில்லை அல்ல, அது தனிக் கதை.

நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். ஃபெட்சுக்குப் பிறகும் வேறு ஏதாவது அவெய்ட் (காத்திருக்கும் வேலை) இருந்தால் அபார்ட் அதைத் தொடாது, கொடிதான் காப்பாற்றும்.

11 ஜூன், மதியம் 1:20

யூஸ்எஃபெக்டுக்கு நேரடியாக அசிங்க் ஃபங்ஷனைக் கொடுக்காதீர்கள். அது திருப்பித் தருவது ப்ராமிஸ். ரியாக்ட் எதிர்பார்ப்பது கிளீனப் ஃபங்ஷன். உள்ளே தனி ஃபங்ஷனாக எழுதி அழையுங்கள்.

11 ஜூன், இரவு 10:15

"கோரிக்கை இரண்டு தடவை போகிறது, ரியாக்டில் பக்" என்று வந்தவருக்கு: பக் இல்லை. ரியாக்ட் 18 (மார்ச் 2022) முதல் ஸ்ட்ரிக்ட்மோட் என்ற சோதனை முறையில், டெவலப்மென்ட்டில் மட்டும், காம்பொனென்டை (திரையின் ஒரு துண்டு) ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்க்கிறது. கிளீனப் விட்டுப்போயிருந்தால் காட்டிக்கொடுக்கத்தான். கிளீனப் சரியாக இருந்தால் முதல் கோரிக்கை அறுபடும், இரண்டாவது வேலை செய்யும். ஸ்ட்ரிக்ட்மோடைக் கழற்றி எறிந்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று பிஆர் (கோட் மாற்றம்) அனுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். புகை மணியின் பேட்டரியைக் கழற்றினாராம், தீ அணைந்துவிட்டதாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம்: இஸ்மவுன்டட் என்று ஒரு ரெஃப், காம்பொனென்ட் இன்னும் திரையில் இருக்கிறதா என்று குறித்துவைக்க. காம்பொனென்ட் இறங்கிய பிறகு ஸ்டேட் மாற்றினால் ரியாக்ட் ஒரு எச்சரிக்கை தந்துகொண்டிருந்தது. அதை வாயடைக்க எழுதியது. 18-இல் அந்த எச்சரிக்கையையே எடுத்துவிட்டார்கள். நம் பிரச்சினைக்கு இஸ்மவுன்டட் உதவவே உதவாது. தேடல் பெட்டி திரையில்தான் இருக்கிறது, கேள்விதான் மாறிவிட்டது. பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதும் கேள்வி உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதும் ஒன்றல்ல.

14 ஜூன், காலை 11:00

தமிழில் அடிக்கும்போது என்ன ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஒலிப்புமுறை விசைப்பலகையில் 'திரு' அடிக்கிறீர்கள். பெட்டியில் முதலில் 'த்', பிறகு 'தி', பிறகு 'திர்', கடைசியில் 'திரு'. ஒவ்வொன்றுக்கும் இன்புட் நிகழ்வு எழும். 'திர்' என்று தொடங்கும் ஊர் ஏது? சர்வர் காலிப் பட்டியலை அனுப்பும். திரையில் "ஊர் எதுவும் கிடைக்கவில்லை" என்று ஒரு மின்னல் மின்னிவிட்டு 'திரு' பட்டியல் வரும். ஆங்கிலத்தில் அடித்துப் பார்க்கும் டீமுக்கு இது கடைசிவரை தெரியாது, ஏனென்றால் ஆங்கிலத்தில் பாதி அடித்த சொல் எப்போதுமே முழுச் சொல்லின் முன்பகுதிதான். தமிழில் அப்படி இல்லை. 'ர்' என்பது ர-வும் புள்ளியும். 'ரு' என்பது ர-வும் உகரக் குறியும். புள்ளி விலகித்தான் உகரம் வரும்.

நான் செய்வது: அனுப்பும் முன் கடைசி எழுத்தில் புள்ளி இருந்தால் அதை மட்டும் வெட்டிவிடுவது. 'திர்' என்பது 'திர' ஆகும், அது 'திரு'வுக்கும் முன்பகுதி. 'சேலம்' என்பது 'சேலம' ஆகும், அப்போதும் சேலம் கிடைக்கும். ஒரு வரி வேலை.

கேஷ் (வந்த பதிலைத் தேடல் சொல்லையே சாவியாக்கிச் சேமிப்பது) வைத்தால் இன்னொரு பொறி. 'கொடைக்கானல்' என்பதில் வரும் 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒரே துண்டாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான். கேஷ் சாவிக்கு இரண்டு வெவ்வேறு சொல். டேட்டாபேஸுக்கும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்று ஒரு மெத்தட் இருக்கிறது, என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் சாவியாக்க வேண்டும், சர்வரில் ஏற்றும்போதும் அதையே செய்ய வேண்டும். ஆனால் 'கௌ'வை, கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தை வைத்து எழுதுகிறவர்களை என்எஃப்சி காப்பாற்றாது. அது எழுத்துப்பிழை, யூனிகோடுக்கு அது தெரியாது.

யூஆர்எல்லைக் கையால் ஒட்டாதீர்கள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட், சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்து. 'திருச்சி' மட்டும் 72 எழுத்து ஆகும். லாகில் பார்த்துவிட்டு "யாரோ ஹேக் பண்றாங்க" என்று சர்வர் டீம் பதறியதைப் பார்த்திருக்கிறேன்.

14 ஜூன், மாலை 4:40

மேலே உள்ளதைப் படித்துவிட்டு, "கம்போசிஷன் (விசைப்பலகை எழுத்தை இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கும் நிலை) நடக்கும்போது இன்புட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் போயிற்று, இஸ்கம்போசிங் என்று ஒன்று இருக்கிறதே" என்கிறார் ஒருவர். கம்ப்யூட்டரில் சரி. ஆண்ட்ராய்டு குரோமில் ஜிபோர்ட் விசைப்பலகையோடு முயன்று பாருங்கள். அங்கே ஆங்கிலச் சொல்லைக்கூட கம்போசிஷனாகத்தான் அடிக்கிறது, ஸ்பேஸ் தட்டும்வரை முடிவதில்லை. ஊர்ப் பெயருக்குப் பின்னால் யார் ஸ்பேஸ் தட்டுவார்? தேடலே நடக்காது.

அதனால் கம்போசிஷனின்போதும் தேடட்டும். ஆனால் "எதுவும் கிடைக்கவில்லை" என்ற வாசகத்தை மட்டும் அப்போது காட்ட வேண்டாம், முந்தைய பட்டியலே நிற்கட்டும்.

17 ஜூன், இரவு 9:30

இப்போது அந்த இஸ்லோடிங். இஸ்லோடிங், இஸ்எர்ரர், டேட்டா இருக்கிறதா இல்லையா என்று மூன்றை வைத்தால் எட்டு சேர்க்கை. லோடிங்கும் எர்ரரும் ஒன்றாக மெய், டேட்டாவும் இருக்கிறது: இதற்குத் திரையில் என்ன அர்த்தம்? யாருக்கும் தெரியாது, ஆனால் கோட் அந்த நிலைக்குப் போகும்.

எல்ம் மொழிக்காரர்கள் இதை வெகு முன்பே கவனித்தார்கள். ரிமோட்டேட்டா என்று ஒரு வகை: கேட்கவே இல்லை, வந்துகொண்டிருக்கிறது, தோற்றது, வந்துவிட்டது. நான்கில் ஒன்றுதான் ஒரு நேரத்தில். டைப்ஸ்கிரிப்டில் யூனியனாக ('இவற்றில் ஏதாவது ஒன்று' என்ற வகையாக) எழுதிவிடலாம். "கேட்கவே இல்லை" என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பக்கம் திறந்ததுமே, பயனர் ஒரு எழுத்தும் அடிக்காதபோது, "முடிவுகள் இல்லை" என்று வரவேற்கும் தளங்கள் எல்லாம் அந்த வகை. வந்தது ஆனால் வெறுமை என்பது வேறு, இன்னும் கேட்கவில்லை என்பது வேறு.

18 ஜூன், காலை 8:10

தோற்றது என்றால் எது தோல்வி? ஃபெட்ச் 404-க்கும் (பக்கம் இல்லை) 500-க்கும் (சர்வர் கோளாறு) தோற்காது. அதைப் பொறுத்தவரை பதில் வந்துவிட்டது, வேலை முடிந்தது. நெட்வொர்க்கே விழுந்தால்தான் ப்ராமிஸ் நிராகரிக்கப்படும். ரெஸ்பான்ஸின் 'ஓகே' பண்பை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அதுவும் போதாது. செஷன் காலாவதியானதும் சர்வர் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும், ஃபெட்ச் அமைதியாகப் பின்தொடர்ந்து அந்த எச்டிஎம்எல்லை 200 என்ற எண்ணோடு கொண்டுவந்து கொடுக்கும். ஜேசனாகப் படிக்கப்போனால் "அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்" என்று ஒரு கோண அடைப்பைக் காட்டும். இந்தச் செய்தியை அப்படியே பயனருக்குக் காட்டிய ஒரு பயணச்சீட்டுத் தளத்தில் என் மாமா கால் மணி நேரம் டோக்கன் எண் தேடினார். கோயிலில் வாங்கும் டோக்கன் என்று நினைத்துக்கொண்டு.

ஃபெட்சுக்கு நேர வரம்பும் கிடையாது. அபார்ட்சிக்னலின் டைம்அவுட் மெத்தடை இணைத்துக்கொள்ளுங்கள்.

21 ஜூன், இரவு 10:50

ஸ்பின்னர் (காத்திருக்கச் சொல்லும் சுழல் வட்டம்) எப்போது காட்டுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதிய எண்களே இன்றும் ஓடுகின்றன: 0.1 விநாடிக்குள் என்றால் உடனடி, 1 விநாடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது, 10 விநாடிக்கு மேல் ஆள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். அதற்கும் அடித்தளம் ராபர்ட் மில்லரின் 1968 ஆய்வுக் கட்டுரை. திரைகள் மாறின, மனுஷன் மாறவில்லை போல.

நான் வைக்கும் கணக்கு: முதல் 300 மில்லிசெகண்டுக்கு எதுவும் காட்டுவதில்லை. அதற்குள் பதில் வந்துவிட்டால் ஸ்பின்னரே வராது. ஒருமுறை காட்டிவிட்டால் குறைந்தது அரை விநாடி வைத்திருப்பேன், இல்லாவிட்டால் கண் சிமிட்டுவதுபோல் வந்து மறையும். அப்படிச் சிமிட்டவிடுவது வேகமான திரையை மெதுவாகத் தோன்றவைக்கும் கெட்டிக்காரத்தனம்.

தேடல் பட்டியலுக்கு ஸ்பின்னரே வேண்டாம் என்பது என் கட்சி. பழைய பட்டியலை மங்கலாக்கி அப்படியே நிறுத்துங்கள், புதியது வந்ததும் மாற்றுங்கள். ரியாக்டில் யூஸ்டிரான்சிஷன், யூஸ்டிஃபர்ட்வேல்யூ எல்லாம் இதற்குத்தான் 18-இல் வந்தன. பட்டியல் காலியாகி மறுபடி நிரம்பினால் கீழே உள்ள பொத்தான்கள் ஏறி இறங்கும். கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் என்ற தள அளவீடுகளில் இந்த நகர்வுக்கு ஓர் அளவு உண்டு, 0.1-க்குள் இருந்தால் நல்லது. பயனர் தொட்ட பிறகு 500 மில்லிசெகண்டுக்குள் நடக்கும் நகர்வை அது கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் சர்வர் 700-இல் பதில் தந்தால் அது உங்கள் கணக்கில் ஏறும். எண்ணை விடுங்கள், தாம்பரம் என்று தொடப்போனவர் விரலுக்கடியில் தஞ்சாவூர் வந்து நின்றால் அவர் உங்களைச் சும்மா விடுவாரா?

22 ஜூன், காலை 9:15

மங்கலான பழைய பட்டியலைத் தொடவிடலாமா? ஊர்ப் பெயருக்குத் தொடவிடலாம். திருத்தணி எந்தத் தேடலில் வந்தாலும் திருத்தணிதான். விலை, இருக்கை எண், கணக்கு இருப்பு என்றால் மங்கலான நிலையில் தொடவே விடக்கூடாது.

25 ஜூன், இரவு 11:30

17-ஆம் தேதி எழுதிய நான்கு நிலைகளுக்கு ஒரு திருத்தம். முதல்முறை ஏற்றுவதற்கு அது அழகாகப் பொருந்தும். பழைய தரவு திரையில் இருக்கும்போதே பின்னால் புதிது வந்துகொண்டிருந்தால்? இப்போதுதான் மங்கலான பட்டியல் என்று பேசினோம். அது "வந்துவிட்டது" தான், "வந்துகொண்டிருக்கிறது" தான், இரண்டும் உண்மை. புதுப்பித்தல் தோற்றால், பழைய தரவும் உண்டு, தோல்வியும் உண்டு. அதற்காகக் கையில் இருந்த நல்ல பட்டியலை அழித்துவிட்டு முழுத் திரைக்கும் எர்ரர் காட்டுவது அநியாயம்.

சர்வர் தரவை வாங்கிச் சேமித்துத் தரும் ரியாக்ட் குவெரி என்ற லைப்ரரி இதை இரண்டு அச்சாகப் பிரித்திருக்கிறது. தரவு எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒன்று, கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதில் 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று ஒரு நிலையும் உண்டு, நெட் இல்லாதபோது. எட்டு சேர்க்கையைத் திட்டிவிட்டு ஒன்பது சேர்க்கைக்கு வந்துவிட்டோமே என்று சிரிக்கலாம். ஆனால் இந்த ஒன்பதுக்கும் திரையில் என்ன காட்டுவது என்று சொல்ல முடியும்.

லைப்ரரி தேவையா என்ற முதல் கேள்விக்கும் இங்கேதான் பதில். ஒரே ஒரு தேடல் பெட்டி என்றால் தேவையில்லை, கொடியும் அபார்ட்டும் போதும். அதே தரவை இரண்டு காம்பொனென்ட் கேட்கத் தொடங்கினால், அல்லது பின் பொத்தானை அழுத்தித் திரும்பும்போது பழைய பட்டியல் உடனே தெரிய வேண்டும் என்றால், நீங்களே எழுதப்போவது அரைகுறை ரியாக்ட் குவெரிதான். அதே வேலை செய்யும் எஸ்டபிள்யூஆர் லைப்ரரி என்றாலும் சரி. பழையதைக் காட்டிக்கொண்டே புதியதைக் கேட்கும் அந்த உத்தி எச்டிடிபி கேஷுக்காக 2010-இல் ஆர்எஃப்சி 5861 என்ற இணைய ஆவணத்தில் எழுதப்பட்டது, ரியாக்ட் பிறப்பதற்கு முன்பே.

இயல்பு அமைப்புகளை மட்டும் படித்துவிடுங்கள். ரியாக்ட் குவெரி தோல்வியை மூன்று முறை மறுபடி முயலும், நடுவில் 1, 2, 4 விநாடி காத்திருக்கும். அதாவது எர்ரர் திரை வர ஏழு விநாடிக்கு மேல். "இல்லாத பக்கத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் சுற்றுகிறது" என்று புகார் வந்தால் காரணம் இதுதான். 404-க்கு மறுமுயற்சி வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

29 ஜூன், மாலை 5:00

இதெல்லாம் ரியாக்டின் நோய், வேறு எங்கும் இல்லை என்று ஒருவர் கொடி பிடிக்கிறார். ஆண்ட்ராய்டில் லிஸ்ட்வியூ காலத்திலேயே இருந்தது. வரிசைகள் மறுபயன்பாட்டுக்குப் போகும், ஒருவர் படத்துக்குக் கேட்ட கோரிக்கை பிந்தி வந்து இன்னொருவர் பெயருக்குப் பக்கத்தில் உட்காரும். வேகமாக ஸ்க்ரோல் செய்தால் மாமனார் முகம் மருமகன் பெயரோடு தெரியும். கிளைட், பிக்காசோ போன்ற படம் ஏற்றும் லைப்ரரிகள் அந்த வரிசையின் பழைய கோரிக்கையை ரத்து செய்வதால்தான் இன்று அது கண்ணில் படுவதில்லை.

மற்றவர்கள் இதை மொழிக்குள்ளேயோ கருவிக்குள்ளேயோ வைத்துவிட்டார்கள். ஐபோனுக்கான ஸ்விஃப்ட்யூஐயில் டாஸ்க் மாடிஃபயர் (ஐஓஎஸ் 15 முதல்) திரை மறைந்தால் தானே ரத்தாகும், ஐடி மாறினாலும் பழையதை ரத்து செய்து புதிதாகத் தொடங்கும். காட்லினில் இதே வேலைக்கு கலெக்ட்லேட்டஸ்ட். ஆங்குலர்காரர்களுக்கு ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸின் சுவிட்ச்மேப், புதிது வந்தால் பழையதை விட்டுவிடும். அதன் தம்பி எக்ஸாஸ்ட்மேப் நேர் எதிர், பழையது முடியும்வரை புதியதைக் கண்டுகொள்ளாது. தேடலுக்கு முதலாவது, பணம் கட்டும் பொத்தானுக்கு இரண்டாவது. மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், நான் சொல்லவில்லை.

3 ஜூலை, இரவு 10:20

ரியாக்டிலேயே சஸ்பென்ஸ் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். காம்பொனென்ட் தரவு இல்லாதபோது ப்ராமிஸையே எறிந்துவிடும், மேலே உள்ள எல்லை அதைப் பிடித்து மாற்றுத் திரை காட்டும். 2018-இல் லேஸி ஏற்றத்துக்கு (தேவைப்படும்போது மட்டும் கோடை இறக்குவது) வந்தது, தரவுக்கான 'யூஸ்' 2024 டிசம்பரில் ரியாக்ட் 19-இல் நிலையானது. எழுத இனிமையாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ப்ராமிஸை ரெண்டருக்குள்ளேயே (திரையை வரையும் கோடுக்குள்) உருவாக்கினால் ஒவ்வொரு ரெண்டருக்கும் புதுசு, திரை காத்துக்கொண்டே இருக்கும். ஃப்ளட்டரின் ஃப்யூச்சர்பில்டர் ஆவணத்திலும் இதே எச்சரிக்கை இருக்கிறது, ஃப்யூச்சரை (ப்ராமிஸுக்கு அங்கே அதுதான் பெயர்) பில்டுக்குள் உருவாக்காதே என்று. இரண்டு கம்பெனி, இரண்டு மொழி, ஒரே பள்ளம். கோரிக்கை எங்கே பிறக்கிறது என்பதும் காம்பொனென்ட் எங்கே வரையப்படுகிறது என்பதும் வேறு வேறு இடமாக இருக்க வேண்டும். தாய் காம்பொனென்ட் தரவு வாங்கிய பிறகுதான் பிள்ளை காம்பொனென்ட் பிறந்து தன் தரவைக் கேட்கும் என்றால், மூன்று அடுக்குக்கு மூன்று பயணம். ஒரே நேரத்தில் போயிருக்கலாம்.

19-இன் முன்வெளியீட்டில் ஒரே எல்லைக்குள் இருக்கும் அண்ணன் தம்பி காம்பொனென்டுகள்கூட ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கத் தொடங்கியபோது, 2024 நடுவில் பெரிய சச்சரவே வந்தது. நிலையான வெளியீட்டுக்கு முன் அதைச் சரிசெய்தார்கள்.

4 ஜூலை, காலை 7:45

கண் பார்வை இல்லாதவர்களுக்கு உங்கள் ஸ்பின்னர் வெறும் மௌனம். ரோல் 'ஸ்டேட்டஸ்' உள்ள ஒரு வெற்று டிவ் பக்கத்தில் முதலிலிருந்தே இருக்கட்டும், பதில் வந்ததும் அதற்குள் "5 ஊர்கள்" என்று எழுதுங்கள், ஸ்க்ரீன் ரீடர் படிக்கும். டிவ்வையே பதிலோடு சேர்த்துப் புதிதாகச் செருகினால் பல நேரம் படிக்காது. ஒவ்வொரு எழுத்துக்கும் கத்தவைக்காதீர்கள், இங்கே டிபௌன்ஸ் உண்மையிலேயே உதவும்.

8 ஜூலை, இரவு 11:40

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார். ஊர் தேடல் சரியாகிவிட்டதாம், அக்கா டிக்கெட்டை மூடிவிட்டாராம். இப்போது அதே ஹூக்கை (தேடலுக்கு எழுதிய அந்தக் கோடை) முன்பதிவு பொத்தானுக்கும் போட்டுவிட்டேன், 10 விநாடியில் டைம்அவுட் ஆனால் அறுத்துவிட்டு "தோற்றது, மீண்டும் முயலவும்" என்று காட்டுகிறேன், சரிதானே என்கிறார்.

உடனே எடுங்கள். தேடலை அறுத்தால் இழப்பு ஒன்றுமில்லை. முன்பதிவை அறுத்தால் சர்வரில் அது முடிந்திருக்கலாம், முடியாமலும் இருக்கலாம். பிரவுசருக்குத் தெரியாது. "தோற்றது" என்று சொல்வது பொய், மீண்டும் அழுத்தினால் இரண்டு இருக்கை, இரண்டு முறை பணம்.

பயனர் பணம் கட்டும் திரைக்கு வந்ததுமே ஒரு அடையாள எண்ணை உருவாக்குங்கள், ரேண்டம்யூயூஐடி போதும். அதே முயற்சிக்கு எத்தனை முறை கோரிக்கை போனாலும் அதே எண்ணோடு போகட்டும், பொத்தானை அழுத்தும்போதெல்லாம் புதிது வேண்டாம். ஏற்கெனவே முடித்த எண் என்றால் சர்வர் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். ஸ்ட்ரைப் போன்ற கட்டண ஏபிஐகளில் இதற்கென்றே ஒரு ஹெடர் இருக்கிறது. உங்கள் சர்வர் டீம் இதைச் செய்து தரும்வரை முன்பதிவில் தானியங்கி மறுமுயற்சியே வேண்டாம்.

திரையில் இதற்கு மட்டும் இன்னொரு நிலை சேருங்கள்: தெரியவில்லை. "முன்பதிவு ஆனதா என்று பார்க்கிறோம். மறுபடி பணம் கட்ட வேண்டாம்" என்ற வாசகம், கீழே 'நிலையைப் பார்' என்று ஒரு பொத்தான். அது அந்த அடையாள எண்ணைக் கொண்டு சர்வரைக் கேட்கும், எதையும் மாற்றாத வெறும் கெட் கோரிக்கைதான், எத்தனை முறை அழுத்தினாலும் பாதகமில்லை. 'மீண்டும் முயல்' பொத்தான் அந்தத் திரையில் இருக்கவே கூடாது.